ஆறாவது ஆள்

நாற்பத்தொரு மணி நேரமாகியும் அந்த ஆறாவது ஆள் யார் என்று தெரியவில்லை.

ஸி துஹாமி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். ஆலிவ் எண்ணெய் ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் அந்த நிறுவனத்தின் முதலாளி அவர். எதிரே மூன்று குழுத் தலைவர்கள், ஓரத்தில் ஒல்ஃபா.

"இந்த சாஃப்ட்வேரைத் திறக்க அனுமதி இருக்கு நம்ம அஞ்சு பேருக்கு மட்டும்தான். ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் பார்த்தவர்கள் ஆறுன்னு காட்டுது. புது இயந்திரத்தோட வரைபடம் உள்ளே கிடக்கு. எவன் பார்க்கிறான் அதை?"

பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

ஒல்ஃபா தலையைக் குனிந்துகொண்டாள். குழுக்கள் ஒன்றுக்கொன்று வேலை நிலவரம் சொல்லிக்கொள்ள எளிய மென்பொருள் ஒன்றைத் தேடும்படி அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்று, யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு காட்டும். மற்றது எண்ணிக்கையை மட்டும் காட்டும்.

அவள் முதலாவதைச் சிபாரிசு செய்தாள். ஸி துஹாமி இரண்டையும் ஒரு நாள் முழுக்கத் தானே தட்டிப் பார்த்தார். "பேரு, படம் இதெல்லாம் எதுக்கு மகளே? சிம்பிளா இருக்கட்டும்" என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

"ஏதாவது ஜின் பூதம் புகுந்திருக்கும்" என்றார் லஸ்ஹர். இயந்திரங்களை ஆலைகளில் கொண்டுபோய்ப் பொருத்தும் குழு அவருடையது. "நாமதான் ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் திறந்துட்டு, படிக்காம மூடிடுறோம். அதுவாவது படிக்கட்டுமே."

வரைபடக் குழுவின் சுமைய்யா சிரித்துவிட்டாள். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தவிர வேற எதிலயும் நான் திறந்ததே இல்லைங்க, சத்தியமா" என்றார் கொள்முதல் பார்க்கும் நாஜி, யாரும் கேட்காமலே.

ஸி துஹாமி அவர் பக்கம் திரும்பவில்லை. "ஸூஸ் ஊர்க் கம்பெனிக்காரன் நம்ம வரைபடத்துக்கு நாயா அலையுறான். அவன் ஆளோட ஞாயித்துக்கிழமை காபிக் கடையில உனக்கு என்ன பேச்சு, லஸ்ஹர்?"

"அவன் என் மச்சான், ஸி துஹாமி. சீட்டாடினோம். தோத்ததும் நான்தான்."

"தொழிற்சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலேருந்து உனக்கு ஊரெல்லாம் மச்சான்தான். எனக்குத் தூக்கம் போச்சுய்யா. விடியக்காலம் வீட்டுல பேரனோட டேப்லெட்ல பார்க்கிறேன், ஆறு. இங்க வந்து போன்ல பார்க்கிறேன், ஆறு. சாவியை வெச்சிட்டுக் கிளம்பு. ரகசியத்தை வித்தவன்னு சாயங்காலத்துக்குள்ள லேபர் ஆபீசுக்குக் கடிதம் போயிடும்."

லஸ்ஹர் இடுப்பிலிருந்து பட்டறைச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பத்தொன்பது வருடமாக அங்கே தொங்கிய சாவி. அப்படி ஒரு கடிதம் போய்விட்டால் ஸ்ஃபாக்ஸ் நகரில் வேறு எந்தப் பட்டறையும் அவரை வாசலில்கூட நிற்கவிடாது.

வெளியேறும்போது ஒல்ஃபாவின் அருகே நின்றார். "நீயும் நம்புறியா தங்கச்சி?"

நாலு பேர் நடுவில் அவளுக்கு எப்போதுமே பேச வராது.

தன் இடத்துக்கு வந்து கணினியில் ஒரு பழைய குறிப்பைத் திறந்தாள். ஆறு. சற்று யோசித்தாள். தன் கைபேசியில் முதல் முறையாக அந்த மென்பொருளை ஏற்றி, அதே குறிப்பைத் திறந்தாள்.

ஏழு.

புதிதாக யாரும் வரவில்லை. அவளே இரண்டாகியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே லஸ்ஹர் தன் கருவிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு இரண்டு தடவை நழுவியது. பட்டறை ஆட்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

ஒல்ஃபா மாடிப்படி ஏறி ஓடினாள். முதலாளியின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தது அதுவே முதல் தடவை. அவர் தனியாக இருந்தார். கடிதத்தின் அடியில் முத்திரை பதிக்கக் கையை ஓங்கியிருந்தார்.

"நிறுத்துங்க, ஸி துஹாமி! லஸ்ஹர் அண்ணன் ஒண்ணும் பண்ணலை. வெளியாளே யாரும் கிடையாது. அது ஆளை எண்ணலை, கருவியை எண்ணுது. நாங்க நாலு பேரும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்ல பார்க்கிறோம். உங்களுக்கு போன் ஒண்ணு, பேரனோட டேப்லெட் ஒண்ணு. அந்த ஆறாவது ஆள் நீங்கதான்!"

இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. மூச்சு வாங்க நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார், சிரிப்பார், ஜன்னலைத் திறந்து லஸ்ஹரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள்.

கீழே மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை அவர் அசையவில்லை. பிறகு முத்திரையை அழுத்திப் பதித்தார்.

"வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லை. நேரா இங்கதான் வந்தேன்."

"எனக்கு முதல் நாளே தெரியும், மகளே. கதவைச் சாத்து."