ஆடட்டும்

செந்தீவு முதல் லீக் கால்பந்தில் எந்த ஆட்டக்காரரை வெளியே எடுப்பது என்று இப்போது பயிற்சியாளர் முடிவு செய்வதில்லை. ரசிகர்கள் கைப்பேசியில் வாக்களிக்கிறார்கள். ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு மட்டும் வாக்கு கிடையாது. பெற்றவளும் பெண்டாட்டியும் பாரபட்சம் காட்டுவோமாம்!

நேற்றைய இறுதியாட்டத்தில் என் கணவர் ரெஜிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தார். வெளியே வருகிறேன் என்று கையைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார். உடனே வாக்கெடுப்பு நடந்தது. 'ஆடட்டும்' என்று பெரிய திரையில் தீர்ப்பு வந்தது. மனிதர் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினார், கோலும் போட்டார், போட்ட இடத்திலேயே விழுந்தார். கோப்பை வந்துவிட்டது. இனி அந்தக் கால் மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் தெருமுனையில் 'இரும்புக்கால் ரெஜிஸ்' என்று பேனர் கட்டியிருக்கிறார்களாம்.

இன்று காலை பக்கத்து வீட்டு பிளசி அக்கா தூக்குவாளியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, நேத்து நீங்க எதை அமுக்குனீங்க?" என்றேன்.

"ரெஜிஸ் இல்லாம எப்படிடி ஜெயிக்கிறது? நம்ம தெருவே 'ஆடட்டும்'னுதான் அமுக்குச்சு. அவன்மேல அவ்வளவு பாசம்."

தூக்குவாளியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு வாய் ஊட்டிட்டாவது போறேனே" என்றார்.

நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"வெளிய வரேன்னு அவரு கையக் காட்டிக் கேட்டாரு. நீங்க யாரும் விடல. உங்கள நான் விடுறேன். போங்க."