பத்தொன்பது மாற்றங்கள்

“பத்தொன்பது தடவை! பத்தொன்பதுலயும் இவன் நொரீனுக்கு நல்ல ஆளைக் குடுத்துட்டு உதவாத ஆளை வாங்கியிருக்கான். இது கூட்டுக் களவாணித்தனம் இல்லாம வேறென்ன?” கர்ட் மேஜையைத் தட்டிய வேகத்தில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின.

ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில், பௌலிங் கூடத்தின் பின்னறையில், எட்டுப் பேர் கொண்ட பேஸ்பால் லீகின் வருஷக் கடைசி மதிய விருந்து நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு அணி, ஆட்டமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்; ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக லீகின் தலைவர் ஆர்லோ. பஞ்சாயத்து என்று வந்தால் தீர்ப்பு சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இன்றைக்குக் குற்றவாளி வெண்டல். மூன்று முறை கோப்பை வாங்கியவன், இந்த வருஷம் எட்டாவது இடம். கோப்பை நொரீனுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவள் வெண்டலின் மனைவி. வீடு அவளுக்கு, நாய் இவனுக்கு என்று விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. லீகை மட்டும் இரண்டு பேருமே விடவில்லை.

“அந்த கேட்சர் ப்ரூயிட்டைப் பாருங்கப்பா. மே மாசம் இவளுக்குக் குடுத்தான், ஜூன்ல அதைவிட நல்ல ஆளைக் குடுத்துத் திரும்ப வாங்கினான், ஜூலைல மறுபடி குடுத்தான். அவன் ஆட்டக்காரனா, லைப்ரரிப் புத்தகமா?” என்றான் கர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். காது சிவக்க வெண்டலும் சிரித்து வைத்தான்.

நொரீன் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே, அவளை இறக்கிவிட்ட பிக்கப் வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. “நான் எதுக்குக் களவாணித்தனம் பண்ணணும்? இவனா போன் பண்ணுவான். பேரம் பேசறேன்னு முக்கால் மணி நேரம் அறுப்பான். கடைசியில நான் கேட்டதுக்கு மேலயே குடுப்பான். வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

“அதான் பாருங்க, எல்லாமே போன்ல! எழுத்துல ஒரு சாட்சி கிடையாது” என்றான் கர்ட்.

“ஆளை மாத்திக்கணும்னா ரெண்டு பேரும் வாயால பேசித்தான் முடிக்கணும்னு சட்டம் கொண்டு வந்ததே நீதானேய்யா?” என்றார் ஆர்லோ.

கர்ட் விடவில்லை. “சரி, ஆகஸ்டோட ஏன் நின்னுச்சு? செப்டம்பர்ல ஒண்ணுகூட இல்லையே! கோப்பை உறுதியாயிடுச்சு, இனிமே தேவையில்லைன்னுதானே?”

வெண்டல் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முட்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான்.

குற்றம் உறுதியானால் நொரீனின் கோப்பை போய்விடும், வெண்டல் லீகை விட்டே போக வேண்டும். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவர் ஆர்லோ. அந்தக் கையால் இந்தத் தீர்ப்பையும் எழுத அவருக்கு மனசு வரவில்லை.

மிச்சம் இருந்த ஒரே சாட்சி வெண்டலின் உறைதான். ஒவ்வொரு மார்ச் மாதமும், சீசன் தொடங்குமுன், ஆளாளுக்குத் தங்கள் திட்டத்தை எழுதி, உறையில் போட்டு ஒட்டி ஆர்லோவிடம் கொடுத்துவிடுவார்கள். விருந்தில் அவர் பிரித்துப் படிப்பார். எழுதியவர் எழுந்து, பலித்ததா இல்லையா என்று எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். அதில் மட்டும் இதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. சற்று முன்புதான், ‘கிழவர்களை வைத்தே ஜெயிப்பேன்’ என்று எழுதிய கர்ட், “பலிக்கலை” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“வெண்டல், உன் உறையைப் பிரிக்கட்டுமா?”

வெண்டல் நொரீனைப் பார்த்தான். “அவ கோப்பை தப்பிக்கும்னா பிரி.”

மற்ற வருஷங்களில் வெண்டலின் திட்டம் நாலு பக்கம் இருக்கும். இந்த முறை உள்ளே இருந்தது ஒரே ஒரு வரி. ஆர்லோ அதை இரண்டு முறை படித்தார். மறைக்கவும் வழியில்லை.

“‘வாரம் ஒரு மாற்றம். நொரீனோடு மட்டும்.’”

“பார்த்தீங்களா! கையெழுத்தோட மாட்டிக்கிட்டான்!” கர்ட் துள்ளி எழுந்தான்.

நொரீனும் எழுந்துவிட்டாள். “எனக்குப் பிச்சை போட்டியா வெண்டல்? என் டீமை நானா ஜெயிக்க வைக்க மாட்டேன்னு நினைச்சியா?”

“உன் டீமைப் பத்தி நான் நினைக்கவே இல்ல, நொரீன்.”

ஆர்லோ கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். தீர்ப்பை எழுதுமுன் வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

“திட்டம் பலிச்சுதா, இல்லையா?”

வெண்டல் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“ஆகஸ்ட் வரைக்கும் பலிச்சுது. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, இவ போனை ஒரு ஆம்பள எடுத்தான்.”