நாலாயிரமே மாட்டு

“நாலாயிரத்துக்குக் கொறஞ்சு எதையும் என் வண்டிக்குக் காட்டாத, தாயி” என்றார் ஈஸ்வரபாண்டி.

அல்லிநகரத்தில் கியர்பாக்ஸ் பட்டறை நடத்தும் மகிமா, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கோபம் வரும்போது கையில் இரும்பு இருக்கக் கூடாது என்பது அவளது தொழில் ஒழுக்கம்.

வாசலில் நின்றது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஈஸ்வரபாண்டி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அதை வாங்கியிருந்தார். மச்சினன் சுரேஷ்கண்ணன் அதற்கு முந்தின மாதமே அப்படி ஒன்றை வாங்கிவிட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அண்ணே, டார்க் கன்வெர்ட்டர்ங்கிறது இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற, எண்ணெய் நெறஞ்ச உருளை. அந்த எண்ணெய்தான் இஞ்சின் சுத்துறதைச் சக்கரத்துக்குக் கடத்துது. நாலாயிரம் ஸ்டால்னா, இஞ்சின் நாலாயிரம் சுத்துக்கு வர்ற வரைக்கும் வண்டி முழுசா இழுக்காது. நேரா ஒரே ஓட்டமா ஓடுற பந்தய வண்டிக்குத்தான் அது. ஒங்களுக்கு ரெண்டாயிரத்தி எண்ணூறு.”

“என் மச்சினன் மூவாயிரம் போட்டிருக்கான்.”

“அது அவரு வண்டி.”

“அவென் மூவாயிரம், நான் ரெண்டாயிரத்தி எண்ணூறா? நான் ஊருக்குள்ள தலைகாட்டவா, வேணாமா?”

உண்மையில் ஆபத்தில் இருந்தது அவருடைய தலை அல்ல, மீசை. போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில், இரண்டு ஊர் உறவினர் முன்னிலையில், எவன் வண்டி உசத்தி என்று இருவரும் மோதிக்கொண்டார்கள். தோற்பவன் அங்கேயே மீசையை வழிக்க வேண்டும் என்று சுரேஷ்கண்ணன் கத்தினான். கறிச்சோறு கொடுத்த தெம்பில் ஈஸ்வரபாண்டியும் ஒப்புக்கொண்டார். இடம், ஜெயமங்கலம் பக்கம் மனை போட்டு, சாலையும் போட்டு, வாங்க ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பொட்டல். பத்துச் சுற்று. வரும் ஞாயிறு காலை.

“அங்கன நாலு முக்கு இருக்குல்ல? ஒவ்வொரு முக்குலயும் வேகத்தைக் கொறச்சுக் கொறச்சுக் கூட்டணும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது. காத்து வாங்குற போர் மோட்டாரு மாதிரி. ஆறாவது சுத்துல எண்ணெய் கொதிச்சுப் படுத்துரும்.”

“ஒறுதியாவா சொல்ற?”

“எழுதியே தர்றேன்.”

“ஆறாவது சுத்துலயேவா?”

“ஏழு தாண்டாது.”

ஈஸ்வரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். “அப்ப நாலாயிரமே மாட்டு.”

“நான் சொன்னது காதுல விழுந்துச்சாண்ணே?”

“விழுந்துச்சு. மாட்டு.”

கூட வந்திருந்த கூட்டாளி சுயம்புலிங்கம் மகிமாவிடம் இரக்கத்தோடு சொன்னார்: “விடும்மா. செருப்புகூட ஒரு நம்பர் பெருசாத்தான் வாங்குவாக. கடைக்காரனே அழுதுருக்கான்.”

சொன்னதை மகிமா மாட்டிக் கொடுத்தாள். பட்டறையின் பெயரைக் கார்க் கண்ணாடியில் ஒட்ட மட்டும் மறுத்துவிட்டாள்.

ஞாயிறன்று இரண்டு ஊரும் திரண்டிருந்தன. பஜ்ஜிக்கடைகூட வந்துவிட்டது. சலூன்காரர் சுருளியாண்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, கத்தியும் கிண்ணமுமாக, யாருக்கும் சார்பின்றி நின்றிருந்தார்.

சிவப்புக் கார் புறப்பட்ட ஓசையில் காக்கைகள் பறந்தன. கார் அவ்வளவு வேகமாகப் பறக்கவில்லை. முதல் முக்கிலேயே மச்சினன் முந்திவிட்டான். ஆறாவது சுற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏழாவதில் தீய்ந்த நாற்றத்தோடு கார் நின்றேவிட்டது.

“மிச்ச மூணு சுத்தை நடந்தே முடிச்சிருங்கண்ணே!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

“நாலாயிரம் குதிரை பூட்டுனதா நெனச்சுட்டாக போல!”

சுரேஷ்கண்ணன் பத்துச் சுற்றை முடித்து, தற்பெருமைக்காகப் பதினோராவதும் ஓட்டினான்.

ஈஸ்வரபாண்டி, யாரும் அழைக்கும் முன்பே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மீசை இரண்டு நிமிடத்தில் போயிற்று. மச்சினன் அதைக் கைப்பேசியில் படமெடுத்தான்.

“மச்சான், இப்பத்தான் அக்காவுக்கு ஒங்க மொகமே தெரியப்போகுது!”

கூட்டம் கலைந்தபின், பந்தயம் பார்க்க வந்திருந்த மகிமா காரின் முன்மூடியைத் திறந்தாள். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே. ரெண்டாயிரத்தி எண்ணூறு மாட்டியிருந்தா, இந்நேரம் அந்த நாற்காலியில அவருல்ல உக்காந்திருப்பாரு?”

“தெரியும் தாயி. நீ தப்பாச் சொல்லமாட்டேன்னு நம்பித்தான் நாலாயிரம் கேட்டேன்.”

மகிமா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சுற்றுமுற்றும் நோக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பந்தயம் கட்டுனப்ப என் மாமனாரு நல்லாத்தான் இருந்தாக. அடுத்த வாரமே கைகால் விழுந்துருச்சு. இப்பக் கட்டிலோட கெடக்காக. விட்டுக்குடுக்கிறேன்னு சொன்னா இந்தக் கிறுக்குப்பய வாங்கிக்கமாட்டான். எங்கப்பா போயிச் சேந்து ஆறு வருசமாச்சு. எனக்குப் போனா வெறும் மயிருதான் போகும். ஆனா அவென் மழிச்ச மொகத்தோட போயி அப்பன் கட்டிலுக்கு முன்னால நின்னா, மகன் தனக்குக் கொள்ளி வச்சுட்டுத்தான் வந்திருக்கான்னு அந்த மனுசன் நெனைக்கமாட்டாகளா?”