கடுகுக் குப்பிதான் கோல்கீப்பர்

"ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாத ஆள் நமக்குக் கோச் தேடுது. இது எங்கயாவது அடுக்குமா?"

ஹோல்கர் மைக்கில் இப்படிக் கேட்டதும் மண்டபமே சிரித்தது. வால்ட்ராடும் சேர்ந்து சிரித்தாள். இத்தனைக்கும் பேச்சு அவளைப் பற்றித்தான்.

வீஸன்புருக் ஃபுட்பால் கிளப்புக்குத் தனியாக முதலாளி கிடையாது. சந்தா கட்டுகிற ரசிகர்கள் எல்லாருமே முதலாளிதான். ஆளுக்கு ஒரு ஓட்டு. ரொட்டிக்கடை வால்ட்ராட் பல வருஷமாக நிர்வாகக் குழுவில் இருக்கிறாள். கோச்சைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. இப்போதைய கோச் டோர்பெனைப் பெரிய கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போகிறது. அடுத்த வாரமே புது ஆளைப் பிடித்தாக வேண்டும். இந்தச் சமயத்தில்தான், இன்றைய உறுப்பினர் கூட்டத்தில் அவள் நாற்காலிக்கு ஹோல்கர் போட்டி போடுகிறான்.

அவனுக்குப் பதவி ஆசை இல்லை. கோச்சிங் படித்தவன். மழையோ பனியோ, ஒரு ஆட்டம் விட்டதில்லை. தெரியாதவர் கையில் கிடந்து கிளப் நாசமாகிவிடுமே என்று நிஜமாகவே பயந்தான்.

"டோர்பெனைக் கொண்டுவந்தது நான்தானேப்பா?" என்றாள் வால்ட்ராட்.

"அது குருட்டு அதிர்ஷ்டம், வால்ட்ராட். தடவைக்குத் தடவை அடிக்காது."

"சரி. ஆஃப்சைடுன்னா என்னன்னு நீயே சொல்லிக் குடேன்."

ஹோல்கர் மேடையை விட்டு இறங்கி அவள் மேஜைக்கே வந்தான். காலி பீர் பாட்டில்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தினான். சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கடுகு விழுதுக் குப்பிதான் கோல்கீப்பர்.

"பாரு. உனக்குப் பந்தைத் தள்ளுற அந்த நொடியில, உனக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளி ரெண்டு பேராவது இருக்கணும். இல்லேன்னா ஆஃப்சைடு."

"ஏன், முன்னாடியே போய் நிக்கிறது ஒரு தப்பா? என் கடையில சீக்கிரம் வர்றவனுக்குத்தான் நல்ல ரொட்டி."

மண்டபம் சிரித்தது. ஹோல்கரும் சிரித்தான். பாட்டிலை நகர்த்தி நகர்த்தி மறுபடி சொன்னான்.

"இந்தக் கடுகு மட்டும் ஏம்ப்பா நகரவே மாட்டேங்குது?"

"அது கோல்கீப்பர்."

"ஓ. அப்ப ஆஃப்சைடுல நிக்கிறது கடுகா?"

மூன்றாம் தடவையும் சொல்லிப் பார்த்தான். அவள் மறுபடியும் கடுகுக் குப்பியைத் தொட்டாள். ஹோல்கரின் கழுத்து சிவந்துவிட்டது.

"உங்களுக்கு இது புரியவே புரியாதுங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கிளப்புக்குள் வந்துவிட்டால் மேயரைக்கூட நீ, வா, போதான். ஒருத்தரைப் பார்த்து 'நீங்க' என்றால், வெளியே போ என்று வாசலைக் காட்டியது மாதிரி.

ஹோல்கர் நாக்கைக் கடித்துக்கொண்டான். வால்ட்ராட் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

சீட்டு எழுதிப் போட்டார்கள். எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டில் ஹோல்கர் ஜெயித்துவிட்டான்.

முதலில் வந்து கை குலுக்கியது வால்ட்ராட்தான். "பசங்களை நல்லாப் பாத்துக்கோ. விடியக்காலையில மாவு பிசையணும், நான் வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பீர் கவுண்டரில் டோர்பென் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் ஹோல்கர்.

"மன்னிச்சுக்கோன்னு சொல்லணும்னு பாத்தேன். அதுக்குள்ள போயிடுச்சு."

"என்னை எடுக்கும்போதும் இதே கேள்விதான்" என்றான் டோர்பென்.

"எது, ஆஃப்சைடா?"

"நாலு பேர் வந்திருந்தோம். நாலு பேரையும் கேட்டுச்சு. மத்த மூணு பேரும் ரெண்டாந்தடவையே பல்லைக் கடிச்சிட்டாங்க. நான் அஞ்சு தடவை சொன்னேன். 'எனக்கு இன்னும் புரியல. ஆனா நம்ம பசங்களுக்கு நீதான் சரி'ன்னுச்சு."

ஹோல்கர் பீரை எடுத்தவன் குடிக்காமலே கீழே வைத்தான்.

"அடப்பாவமே. இது தெரியாம பேசிட்டேனே. ஒரு ஓட்டுல போச்சு பாரு அதுக்கு."

"அந்த ஒரு ஓட்டு யாருதுங்கிற? வால்ட்ராட் கண்ணாடியை மறந்துட்டு வந்துடுச்சு. அதோட சீட்டையும் நான்தான் எழுதினேன். ஹோல்கர்னு எழுதுன்னு சொல்லுச்சு."

"என் பேரையா? நான் அப்படிப் பேசின பிறகுமா?"

"நானும் கேட்டேன். 'கோவம் வந்தாலும் மூணு தடவை சொல்லிப் பாத்தான்ல. ஃபுட்பால் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் உள்ள வேணும்னு அவன் சொல்றதும் நியாயம்தானே'ன்னுச்சு."

அடுத்த வாரம் கோச் தேர்வு. முதலில் வந்தவன் டை கட்டியிருந்தான். லேப்டாப்பைத் திறந்து, கலர் கலராக அம்புக்குறி போட்ட படங்களை ஓட்டினான். ஒரு படத்தில் பின்வரிசை ஆட்டக்காரனைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தான். ஹோல்கருக்கு நாக்கு துறுதுறுவென்றது. அடக்கிக்கொண்டான்.

மேஜைக்கடியிலிருந்து காலி பீர் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தான். கடைசியாகக் கடுகுக் குப்பியையும் வைத்தான்.

"படமெல்லாம் நல்லா இருக்குப்பா. ஆனா இந்த ஆஃப்சைடு, ஆஃப்சைடுங்கிறாங்களே, அப்படின்னா என்ன? எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."