மலையேறிய சிவப்புக் கார்

கச்சிராயபாளையத்தில் மெக்கானிக் பச்சமுத்துவின் கடைக்கு அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தள்ளிக்கொண்டு வந்த இளைஞனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கிளட்சு தரையோட போயிடுதுண்ணே, கியர் விழல. சீக்கிரம் பாருங்க, மலைக்குப் போவணும்."

பச்சமுத்து காருக்கு அடியில் படுத்தார். "மிதிப்பா... விடு... மறுபடி மிதி."

குழாயிலிருந்து எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது. "மேல சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சு, பைப்புல காத்து பூந்துகினு கீதுப்பா."

கடையில் கிடந்த ஜீப் ரப்பர் ஒன்றை மாற்றிப் போட்டு, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியதும் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. இளைஞன் கும்பிட்டுவிட்டுப் பறந்தான்.

அடுத்த டவுன் பஸ்ஸில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்து இறங்கினார். "சிவப்புக் கார் பாத்தியாப்பா? வூட்டு வாசல்ல நின்னத எவனோ ஓட்டிக்கினு வந்துட்டான்."

பச்சமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நாந்தாங்க கிளட்ச் செஞ்சு அனுப்பிட்டேன்."

"செஞ்சிட்டியா? கியர் விழுதா?"

"வெண்ணெய் மாதிரி விழுதுங்க."

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எத்தினி வருசமா அதோட மல்லுக்கட்டிகினு இருந்தேன்! வெறும் காத்துதானா?"

அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பச்சமுத்து பதறினார். "வாங்க, போலீஸ் ஸ்டேசனுக்குப் போவலாம். நானே சாட்சி சொல்றேங்க."

"அய்யய்யோ, அதெல்லாம் வாணாம்பா." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "நான் அதத் திருடிக்கினு வந்தப்பவே கிளட்ச் அப்படித்தான் இருந்துச்சு."