தூக்கத்தில் வந்த விடைகள்

"ஒண்ணு... காக்கா கூடு" என்று தெய்வசிகாமணி தூக்கத்தில் உளறியதும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கனகம் முறத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். வாய் பிளந்திருந்தது. மீசைமேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்ததுகூடத் தெரியாத தூக்கம்.

"ரெண்டு... ஆண் குயிலு."

கனகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மாதர் மன்றத்தின் வசந்த விழா. வசந்த காலத்தைப் பற்றி வினாடி வினா, ஜெயித்தால் பிரஷர் குக்கர். கேள்விகளைத் தயாரிப்பதும் மேடையில் நின்று கேட்பதும் சாட்சாத் இந்த மனிதர்தான்.

போன வருஷம் ஜெயித்து வாங்கிய பிளாஸ்க்கைப் பக்கத்து வீட்டுச் சந்திரா வருஷம் பூராவும் கனகத்தின் கண்ணில் படும்படியே கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை குக்கரும் அந்த வீட்டுக்கே போய்விட்டால் கனகத்தால் தாங்க முடியாது. அதனால்தான் வெட்கத்தை விட்டு முதல் நாளே புருஷனிடம் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"பொண்டாட்டிகிட்ட விடைய சொல்லிட்டு மேடையில எப்பிடி நிக்கிறது? எனக்கு மனசாட்சி இருக்குது. போ, போயி அந்தக் கதவ சாத்து. இந்த பிளாக்குல மனுசன் பகல்ல கண்ண மூட முடியுதா?" என்று எரிந்து விழுந்திருந்தார்.

முழித்திருக்கும்போது வாயைத் திறக்காதவர் தூங்கும்போது திறக்கிறார் என்றால், கனகம் சும்மா விடுவாளா? அன்றிலிருந்து கட்டில் பக்கத்திலேயே ஜாகை. பாத்திரம் துலக்குவதும் அம்மி அரைப்பதும் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போயின.

ஒரு நாள் தெருவில் பிள்ளைகள் "அவுட்! அவுட்!" என்று கூச்சல் போட, "மூணு..." என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார். கனகம் ஓடிப்போய் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தெரு அடங்கிய பிறகுதான் "வேப்பம்பூ" என்று வந்தது. அவள் மூன்று விடைகளையும் சுலோகம் மாதிரி முணுமுணுத்துப் பாடம் பண்ணினாள்.

அதிசயமாக, மருதாணி வேலிக்கு அந்தப் பக்கம் பொழுது விடிந்ததிலிருந்து அலறும் சந்திராவின் ரேடியோவும் ஊமையாகிவிட்டது. சந்திரா வேலியோரம் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா சந்திரா, ரேடியோ ரிப்பேரா?" என்று கனகம் கிசுகிசுத்தாள்.

"இல்லக்கா. மரத்தடியில காத்து சிலுசிலுன்னு வருது. உள்ள போகவே மனசு வரல" என்று சந்திராவும் கிசுகிசுத்தாள்.

வியாழக்கிழமைக்குள் அந்தக் காற்று பிளாக்கில் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. கீரை ஆய, தலை வார, புளி கொட்டை எடுக்க என்று ஆளாளுக்கு வேலியோரம் வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை பெண்கள் கூடியும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பாடம் பண்ணும் மும்முரத்தில் கனகத்துக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவில் புங்க மரங்கள் பளபளவென்று துளிர்த்திருந்தன. புல்லில் ஜமுக்காளம் விரித்து, சுண்டல் பொட்டலத்தோடு பிளாக்கே உட்கார்ந்திருந்தது. முந்திச் சொல்பவருக்குத்தான் மார்க் என்று அறிவித்துவிட்டுத் தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்தார்.

"முதல் கேள்வி. இளவேனில்..."

கனகம் துள்ளி எழுந்தாள். "காக்கா கூடு!"

அதே நொடியில் ஜமுக்காளத்தின் நாலு மூலையிலிருந்தும், "காக்கா கூடு!", "காக்கா கூடு!" என்று குரல்கள். அதில் சந்திராவின் குரல்தான் உச்சம். கனகம் திரும்பி அவளை முறைக்க, அவளும் முறைத்தாள்.

"நான் இன்னும் கேள்வியவே முடிக்கலைங்க" என்றார் தெய்வசிகாமணி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "இளவேனில்னு எந்த ரெண்டு தமிழ் மாசத்த சொல்றோம்?"

ஒரு வாரம் முத்தாண்டிக்குப்பத்து அம்மா வீட்டில் முந்திரி பொறுக்கிவிட்டு அன்று மதியம்தான் திரும்பியிருந்த சாமியம்மாள் மட்டும் எழுந்து, "சித்திரை, வைகாசி" என்றாள்.

ராத்திரியும் பகலும் வருஷத்தில் முதல் தடவை சமமாக வரும் மாதம் எது என்ற இரண்டாம் கேள்விக்கும் "ஆண் குயில்" என்று நாலைந்து பேர் நம்பிக்கையோடு கத்திப் பார்த்தார்கள். மூன்றாவதுக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. குக்கர் சாமியம்மாளின் இடுப்பில் ஏறி வீட்டுக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது கனகத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்டால் தன் திருட்டுத்தனம் வெளியாகும். கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

"தூக்கத்துல அத்தன விடை சொல்லிக்கினு கெடந்தீங்களே! அதுல ஒண்ணாச்சும் வந்துச்சா?" என்று கேட்டே விட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

தெய்வசிகாமணி சைக்கிளை நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் கேட்டு முழிப்பு வந்தப்ப மட்டுந்தான் சொன்னேன். வேலைக்குச் சேந்ததுலேர்ந்து, பகல்ல நான் நிம்மதியாத் தூங்கினது இந்த ஒரு வாரந்தான் கனகம்!"