கண்ணாடிக்குள் சாவி

அப்பாவுக்கான பிறந்தநாள் பரிசை லிங்கநகர் வீட்டுச் சுவரில் மாட்டினாள் கஜந்தி. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய பித்தளைச் சாவி. கீழே, ‘எங்கள் ஈச்சிலம்பற்று வீடு’. அவள் பிறக்கும் முன்னர் போரில் இடம்பெயர்ந்தபோது, அப்பா மடியில் முடிந்துகொண்டு வந்த சாவி அது.

அப்பா தம்பிராசாவோ கதிரையில் இருப்புக்கொள்ளாமல், வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பினார்.

“பிடிக்கேல்லையோ அப்பா?”

“வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. திறந்து எடுக்கலாமோ?”

“ஏலாது. பசை போட்டு ஒட்டினது. இனித் துலையாது.”

அவர் பதறிப்போனார்.

“எங்கட ஓலை வீட்டுக்கு ஏது பிள்ளை பூட்டு? இது பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் இந்தியாவுக்கு வள்ளம் ஏறேக்க, ‘வந்து வாங்கிறன்’ எண்டு தந்த சாவி. அவன் இண்டைக்கு வந்து நிண்டா, நான் என்னத்தைக் குடுக்கிறது?”